வன்னிக் காட்டுச் சிறுத்தையும் நிழற்படக் கருவியும்

வன்னி நாட்டிற் பிறந்து வளர்ந்த நம்முள் சிறுத்தையின் பெயரைக் கேளாதார் எவருமிலர். அதனைக் கண்ணாரக் கண்டாரோ மிகச் சிலர். விடியற்காலையில் மாட்டுப் பட்டியைத் திறக்கச் சென்ற கமக்காரர் ஈரமண்ணிற் பதிந்த அடியொன்றைக் காட்டி, “இராத்திரிப் புலி வந்து போயிருக்கிறது” என்பார். அவர் புலியென்றது சிறுத்தையையே. வரிப்புலி இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. ஆதலின் நம் முன்னோர் சிறுத்தைக்கே அப்பெயரை வழங்கினர். சிங்கள மக்களும் ‘கொட்டியா’ என்னும் சொல்லை அவ்வாறே ஆண்டனர். அறிஞர் பி. இ. பி. தெரணியகல 1956ஆம் ஆண்டில் இலங்கைச் சிறுத்தையைத் தனி உபவினமாக வகுத்தபோது, அச்சொல்லையே விஞ்ஞானப் பெயரில் அமைத்து ‘பந்தெரா பார்டுஸ் கொட்டியா’ என வழங்கினார்.

முற்காலத்திற் சிறுத்தையை நாடிக் காடு புகுந்தோர் துவக்கொடு புகுந்தனர். இக்காலத்திற் கமராவொடு புகுகின்றனர். மாணவர் கையிலுள்ள தொலைபேசியிலும் ஒரு கமரா உண்டு. அக்கருவியை எவ்வாறு கையாளுதல் தகும், அதனால் விளையும் நன்மை யாது, தீமை யாது என்பவற்றை இக்கட்டுரையிற் சுருக்கமாக ஆராய்வாம்.

விலங்கின் இயல்பு

பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் செறிந்த நம் வறண்ட வலயக் காடே சிறுத்தைக்கு ஏற்ற உறைவிடம். இலங்கைச் சிறுத்தையுள் வளர்ந்த ஆண் சராசரி 56 கிலோகிராம் வரையும், பெண் 29 கிலோகிராம் வரையும் நிறையுடையன. புள்ளிமான், மரை, பன்றி, மந்தி, முயல் ஆகியன அதன் இரை. ஒரு சூலிற் பெரும்பாலும் இரண்டு குட்டிகள் பிறக்கும்; அவை ஒன்றரை ஆண்டு வரை தாயைப் பின்தொடர்ந்து வேட்டை பயிலும். ஏனைய காலமெல்லாம் சிறுத்தை தனித்து வாழ்வது. தன் எல்லையை மரத்தில் நகத்தாற் கீறியும், மூத்திரம் பெய்தும், வாளால் மரமறுப்பது போன்ற கரகரத்த குரல் எழுப்பியும் பிறவற்றுக்கு உணர்த்தும்.

ஆபிரிக்காவும் நம் நாடும்

சிறுத்தையைக் காணவும் படமெடுக்கவும் உலகெங்குமிருந்து மக்கள் ஆபிரிக்காவுக்குச் செல்கின்றனர். ‘சபாரி’ என்பது சுவாகிலி மொழியிற் பயணம் என்னும் பொருளது. கென்யாவின் மசாய் மாரா, தன்சானியாவின் செரெங்கெற்றி, சாம்பியாவின் தென் லுவாங்வா ஆகியன இதற்குப் பெயர்பெற்ற காடுகள்.

ஆபிரிக்கச் சிறுத்தைக்குச் சிங்கமும் கழுதைப்புலியும் ஓயாத பகை. கொன்ற இரையை நிலத்தில் விட்டால் அவை பறித்துவிடும். ஆதலின் அது தன் இரையைக் கௌவிக்கொண்டு மரத்தில் ஏறிக் கொம்பிற் சாத்திவைக்கும். ஆங்குச் செல்வோர் முதலிற் பார்ப்பது மரக்கிளைகளையே. இலங்கையிலோ சிறுத்தைக்கு மேற்பட்ட ஊனுண்ணி வேறில்லை. இங்கு அது இரையை மரத்தில் ஏற்றுவது ஒப்பளவிற் குறைவு. மணற்பாதையிலும் கற்பாறையிலும் குளக்கரையிலும் அச்சமின்றி நடப்பதைக் காணலாம். ஒரே இனமாயினும் அயலாரைப் பொறுத்து ஒழுக்கம் வேறுபடுதலை இங்கு நோக்குக.

தென்னாபிரிக்காவில் லொண்டொலோசி என்னும் காட்டிலிருந்து கற்கத்தக்க பாடமும் ஒன்றுண்டு. ஆங்கு 1979 முதல் ஒரு தாய்ச் சிறுத்தையை அக்காட்டார் துரத்தாமலும் சூழாமலும் தொலைவிலிருந்தே பல்லாண்டு பார்த்து வந்தனர். மெல்ல மெல்ல அது வாகனத்தைப் பொருட்படுத்தாது வாழப் பழகிற்று. அதன் வழிவந்த சிறுத்தைகளையும் இன்று பகலிலேயே காணமுடிகின்றது.

காணும் முறை

வன்னியின் தென்மேற்கே, மோதரகம் ஆற்றுக்கு அப்பால் விரிந்து கிடப்பது வில்பத்து. 1938இல் தேசிய வனமாகிய இதன் பரப்பு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். மழைநீர் தேங்கிய இயற்கைப் பள்ளங்களாகிய ‘வில்லு’கள் பல உண்டாதலின் இப்பெயர் பெற்றது. போர்க்காலத்தில் நெடுநாள் மூடப்பட்டு, 2003இல் திறக்கப்பெற்று, மீண்டும் மூடப்பட்டு, 2010இல் திறக்கப்பட்டது. 1972இல் ஐசன்பேர்க், லொக்கார்ட் என்னும் இருவர் இக்காட்டைப் பற்றி எழுதிய ஆய்வினைச் சிமித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது.

பழைய மாணவராகிய யாம் ஐவர், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதத்தில் அங்குச் சென்றோம். விடியற்காலையில் ஒரு வில்லின் கரையில் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் இருந்தோம். அப்பொழுது வேறோரிடத்திற் சிறுத்தை நிற்பதாகச் செய்தி வந்தது. உடனே விரைந்தோம். ஆங்கே எமக்கு முன் பத்து ஜீப் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. புகையும் கூச்சலும் மிகுந்தன. யாம் கண்டது புதரில் மறையும் வாலின் நுனி மட்டுமே. ஏமாற்றத்தோடு பழைய வில்லுக்கு மீண்டபோது, எமது வண்டிச் சக்கரத் தடத்தின் மேலேயே புதிய சிறுத்தையடி பதிந்திருந்தது! யாம் விட்டுப்போன இடத்துக்கு அது வந்து நீரருந்திப் போயிருந்தது.

மறுநாள் யாம் அசையவில்லை. ஒரு மணி நேரத்தின் பின் மந்தியொன்று மரத்தின் உச்சியிலிருந்து இருமுவது போலக் குரலெழுப்பிற்று. புள்ளிமான்கள் தலைநிமிர்ந்து ஒரே திசையை நோக்கின. மயில் அகவிற்று. சிறிது நேரத்தில் வீரை மரத்தடியிலிருந்து இளம் பெண் சிறுத்தை ஒன்று வெளிவந்து, எம்மை ஒருமுறை பார்த்து, குனிந்து நீரருந்திற்று. எடுத்த முதற் படம் எமது கைந்நடுக்கத்தாற் கெட்டது. இரண்டாவது படம் நன்றாக அமைந்தது.

இவ்வனுபவத்தால் யாம் அறிந்தவை இவை: காட்டிற் கண்ணினும் செவி முந்தவேண்டும். மான் பிறவற்றுக்கு அஞ்சியும் கத்தும். உயரத்திலிருந்து நோக்கும் மந்தியின் குரலே பெரிதும் நம்பத்தக்கது. அடிச்சுவட்டில் நான்கு விரலும் பின்புறம் மூன்று மடிப்புடைய உள்ளங்காற் பதிவும் இருந்து, நகக்குறி காணப்படாவிடின் அது பூனைக்குலத்தது. நாயின் சுவட்டில் நகக்குறி தெரியும். நீர் வற்றும் ஆனி முதற் புரட்டாதி வரையுள்ள மாதங்களில் எஞ்சிய நீர்நிலையருகே காத்திருப்பது நன்று. எல்லாவற்றினும் மேலானது பொறுமை.

படமெடுக்கும் முறை

நூறாண்டுகளுக்கு மேலாகிய இக்கலையின் முன்னோடிகளை நினைத்தல் தகும். ஜேர்மனியராகிய ஷில்லிங்ஸ் கிழக்காபிரிக்காவில் இரவில் ஒளிவெடி கொளுத்தி எடுத்த விலங்குப் படங்களை 1905இல் நூலாக வெளியிட்டார். இந்தியாவில் வனத்துறை அலுவலராகிய சம்பியன், விலங்கு தானே மிதித்து இயக்கும் கம்பியைக் கமராவிற் பூட்டிப் புலியைப் படமெடுத்தார். அவர் நூல் 1927இல் வந்தது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) காடுகளிற் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்து, 1950 முதல் இறக்கும் வரை கல்கத்தாவின் ‘ஸ்ரேற்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். தமிழர் இத்துறைக்குப் புதியரல்லர்.

புதிதாகத் தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்: குவியத்தூரம் 400 மில்லிமீற்றர் அளவான வில்லையிருப்பின் விலங்கை நெருங்க வேண்டியதில்லை. வண்டியின் இயந்திரத்தை நிறுத்துக. அதன் நடுக்கமே படத்தைக் கெடுக்கும். அரிசி நிரப்பிய சிறு துணிப்பையைச் சன்னலில் வைத்து, அதன்மேல் வில்லையைச் சாத்துக. நடக்கும் விலங்குக்குச் செக்கனில் ஐந்நூற்றிலொரு பங்கு நேரம் போதும். காலை மங்கலில் அவ்வேகம் பெறுதற்குக் கமராவின் உணர்திறனை உயர்த்துக. விலங்கின் கண்ணிற் குவியம் அமைக. ஒளிவிளக்கும் கமராவின் ஓசையும் வேண்டா. பூங்காவில் வண்டியை விட்டிறங்குதல் ஒருபோதும் ஆகாது. வெளியே உள்ள காடுகளில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்குமிடத்துக்குள் எப்படத்திற்காகவும் கால் வைத்தல் கூடாது.

கமராவில்லாத மாணவரும் அடிச்சுவட்டின் அருகே ஒரு நாணயத்தை வைத்துத் தொலைபேசியாற் படமெடுத்து, இடமும் நாளும் குறித்து வைக்கலாம். அதுவும் ஆராய்ச்சியே.

படத்தால் எண்ணும் கணக்கு

சிறுத்தையின் உடலிலுள்ள புள்ளிக் கொத்துகள் நம் கைரேகை போல்வன. ஒன்றினது மற்றொன்றுக்கு வராது. இடப்பக்கமும் வலப்பக்கமும் தம்முள் ஒவ்வா. ஆதலின் ஆய்வாளர் காட்டுப் பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் இரு தானியங்கிக் கமராக்களை எதிரெதிராகக் கட்டுவர். உடற்சூட்டோடு அசையும் உயிரை உணர்ந்து அவை தாமே படம் பிடிக்கும்.

இப்படங்களாற் காட்டிலுள்ள தொகையைக் கணிப்பது எங்ஙனம்? குளத்து மீனை உவமையாகக் கொள்க. இருபது மீனைப் பிடித்துக் குறியிட்டு மீண்டும் குளத்தில் விடுகிறோம். சிலநாள் கழித்து இருபது மீன் பிடிக்க, அவற்றுள் ஐந்தில் நம் குறி இருக்கிறது. பிடித்தவற்றில் நாலிலொரு பங்கு குறியுடையது. எனவே குளத்து மீன் முழுவதிலும் நாலிலொரு பங்கே அவ்விருபது. மொத்தம் ஏறத்தாழ எண்பது. சிறுத்தைக்குக் குறி நாம் இடவேண்டியதில்லை, இயற்கையே இட்டுள்ளது. உல்லாஸ் கரந்த் இம்முறையைக் கர்நாடகத்து நாகரகொளைப் புலிகளுக்குப் பயன்படுத்தி 1995இல் ஆய்வு வெளியிட்டார். நம் நாட்டில் அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோர் பல்லாண்டாகத் தானியங்கிக் கமராவாற் சிறுத்தையை ஆராய்ந்து வருகின்றனர். யாம் வில்பத்தில் எடுத்த படத்தில் இடப்பக்கமே இருந்தது. அது பாதிப் பெயரெழுதிய கடிதம் போன்றது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இலங்கைச் சிறுத்தையை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அழியும் ஆபத்திலுள்ளதெனவும், 2020இல் அதற்கு அடுத்த படியாகிய நலிவுற்ற நிலையிலுள்ளதெனவும் வகுத்தது. நாட்டில் முதிர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்திற்கும் குறைவென்பது ஆய்வாளர் கணிப்பு.

அம்பாள்குளத்துப் படம்

இனி, சொல்லக் கூசும் செய்தி ஒன்றையும் சொல்லியாகவேண்டும். 2018ஆம் ஆண்டு யூன் 21ஆம் நாள் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை மனைகளுள் புகுந்தது. பத்துப் பேரளவில் அதனாற் காயமுற்றனர். பின்னர்த் திரண்ட மக்கள் அதனை அடித்துக் கொன்றனர். இறந்த உடலோடு எடுத்த படங்களும் காணொளியும் சமூக வலைத்தளங்களிற் பரவின. அவற்றைக் கண்டு நாடு முழுவதும் வருந்திற்று, சிலர் கைதாயினர்.

காயமுற்றோரின் வேதனையும் அயலாரின் அச்சமும் மெய்யானவை; பாதுகாப்பான நகரிலிருந்து அவரைப் பழித்தல் எளிது. ஆயினும் சிந்திக்க. சிறுத்தை இயல்பில் மனிதரை விலகிப் போவது. மட்டக்களப்புப் பகுதியிற் புனானையில் மக்களைக் கொன்று, 1924இற் சுடப்பட்ட சிறுத்தை இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அத்தகையது இந்நாட்டில் மிக அரிது என்பதே. வழியின்றிச் சூழப்பட்ட எவ்விலங்கும் தன் உயிருக்காகப் பாயும். கூட்டம் பெருகப் பெருகக் காயமும் பெருகும்.

பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும் கட்டுத்துவக்கும் சிறுத்தையென்று பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் மலைநாட்டு நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டு மாண்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஏட்டில் உண்டு. அது மக்கள் மனத்தில் ஏறவேண்டும்.

ஊருக்குட் சிறுத்தை வரின் செய்யத்தக்கவை: சிறுவரையும் முதியோரையும் வீட்டினுள் வைத்துக் கதவடைக்க, அது புகுந்த வழியைத் திறந்தே விடுக, கூட்டங் கூடவும் கல்லெறியவும் இடங்கொடாதீர், கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவிக்க, படமெடுக்கும் ஆசையால் ஓரடியும் நெருங்காதீர். இரவில் ஆடுமாட்டை உறுதியான பட்டியில் அடைத்தலும் காவலாகும்.

முடிவுரை

2015இற் சுண்டிக்குளமும் மடு வீதியும் தேசிய வனங்களாயின. இவை நம் வாயிலில் உள்ளன. ஆயினும் வன்னிச் சிறுத்தையென்று உலகம் கண்ட படம் எது? அடிபட்டு மாண்ட சிறுத்தையின் படமே. இப்பழி நம்மோடு நிற்றல் தகாது.

கல்லூரியின் இயற்கை விஞ்ஞான மாணவர் ஒரு குறிப்பேடு வைத்து, தத்தம் ஊரிற் கண்ட சுவட்டையும் கேட்ட குரலையும் நாளோடு பதிவார்களாக. பழைய மாணவராகிய யாம் கமரா வாங்கவும் காட்டுப் பயணம் ஒழுங்கு செய்யவும் துணைநிற்போம். அடுத்த விழா மலர் வருங்கால், அதன் பக்கத்தில் வன்னிக் குளக்கரையில் உயிரோடு நீரருந்தும் சிறுத்தையொன்றின் படம், நம் மாணவர் ஒருவர் எடுத்தது, இடம்பெறுதல் வேண்டும். அதனைக் காண யாம் காத்திருக்கின்றோம்.