கண்ணில் தெரியும் சிறுநீரகம்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் உள்ள உறவினர் இல்லங்களில், "எனக்குச் சீனி போடாத தேநீர் கொடு, இனிப்புநீர் இருக்கிறது" என்று பெரியவர்கள் கூறுவதைப் பலரும் கேட்டிருப்போம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதை எட்டியோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது 31.4 விழுக்காடு. அதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர்!

நீரிழிவு தாக்கும் முக்கிய உறுப்புகளுள் ஒன்று சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால், இவற்றின் இரத்த நாளங்கள் பழுதடைகின்றன. உடலில் தங்க வேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிகிறது. தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. கால் வீக்கமும் சோர்வும் தெரியும் வேளையில் பாதிப்பு முற்றியிருக்கும். பிறகு, வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டிய நிலை ஏற்படலாம். நம் நாட்டில் புதிதாக இச்சிகிச்சையைத் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணமாகும்.

இந்நோயை முன்கூட்டியே கண்டறிய இயந்திரக் கற்றல் துணைபுரியுமா? பல்லாயிரம் எடுத்துக்காட்டுகளைக் கணினிக்குக் காட்டி, அவற்றில் மறைந்திருக்கும் ஒற்றுமைகளை அதுவே கண்டுகொள்ளச் செய்வதே இயந்திரக் கற்றல். சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர் சாருமதி சபாநாயகமும் அவர்தம் குழுவினரும் இம்முறையைப் பயன்படுத்தினர். கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய நாளங்கள் பல வகையில் ஒத்தவை. நீரிழிவு இரண்டையும் பாதிக்கிறது. ஆகவே, மலாய்க்காரர், இந்தியர், சீனர் என 6,485 பேரின் விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சியளித்துச் சோதித்தனர். சிறுநீரக நோய் உள்ளவர்களைப் படத்தைக் கொண்டே பெருமளவில் அடையாளம் காண அது கற்றுக்கொண்டது. இம்முடிவு 2020ஆம் ஆண்டு லான்செட் டிஜிட்டல் ஹெல்த் ஆய்விதழில் வெளிவந்தது.

இதில் நன்மை யாது? நீரிழிவு நோயாளிகளுக்குக் கண் பாதிப்பை அறிய விழித்திரைப் படம் எடுப்பது வழக்கம். அதே படம் சிறுநீரகத்தைப் பற்றியும் எச்சரித்தால், ஊசி குத்தாமலேயே முதற்கட்டச் சோதனை முடிந்துவிடும்.

எனினும், கணினி தான் பார்த்ததையே கற்கிறது. பெய்ஜிங் மக்களின் படங்களைக் கொண்டு சோதித்தபோது அதன் துல்லியம் குறைந்தது. எனவே, ஓர் இனத்தாரின் தரவுகள் குறைவாக இருந்தால், அவ்வினத்தாரின் நோயைக் கணினி தவறவிடக்கூடும். நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தினரின் தரவுகள் இத்தகைய ஆய்வுகளில் இடம்பெறுவது இதனால் இன்றியமையாததாகிறது. மேலும், கணினி தருவது எச்சரிக்கை மட்டுமே. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் சிறுநீரில் அல்புமின் அளவையும் சோதித்து, நோயை உறுதிசெய்பவர் மருத்துவரே.

வருமுன் காப்பதே அறிவுடைமை. வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா ஆகியோரிடம், "இவ்வாண்டு சிறுநீர்ச் சோதனையும் கண் சோதனையும் செய்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்க எந்தக் கணினியும் தேவையில்லை.