குழாய் நீரும் குழந்தையின் பால்மாவும்

தேக்கா என்று நம்மவர் வழங்கும் லிட்டில் இந்தியாவை அடுத்து, சிங்கப்பூர் புக்கிட் தீமா சாலையில், கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை பெயர் பெற்று விளங்கியது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. இன்று அது கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை. அங்கிருந்து மகவுடன் இல்லம் திரும்பும் தாயின் வீட்டுக் குழாயில் வருவது காய்ச்சாமலே பருகத்தக்க நீர். அந்நீரில் பால்மாவை அப்படியே கரைத்துப் புகட்டலாமா?

கூடாது. காரணம் நீரில் மட்டுமன்று, மாவிலும் உண்டு. டப்பாவில் அடைத்த பால்மாவு கிருமி முற்றும் நீக்கப்பட்ட பொருள் அன்று என்பதைப் பலர் அறியார். குரோனோபாக்டர் என்னும் நுண்ணுயிர் உலர்ந்த மாவில் நெடுநாள் உயிர்த்திருக்கும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு அது மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கக்கூடும். அரிதே, ஆயினும் உயிரைப் பறிக்க வல்லது. ஆகவேதான் உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நெறிமுறை, கொதித்த நீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே மாவைக் கலக்குமாறு கூறுகிறது. கொதித்து இறக்கிய நீரை அரைமணி நேரத்துக்கு மேல் ஆறவிடலாகாது. கலந்தபின், மூடிய புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துப் புகட்டுதல் வேண்டும்.

ஆற்று நீரையோ கிணற்று நீரையோ தொட்டியில் தேக்கிக் குழாயில் விடும் தோட்டங்களில் அபாயம் இன்னும் மிகுதி. மற்றொன்று: களைக்கொல்லி இருந்த கலத்தில் பிடித்த நீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நஞ்சு அகலாது.

சம்பளத்துக்கு முன் மாவு தீருங்கால் நீரைக் கூட்டிக் கரைப்பாரும் உளர். நீர் தூயதாயினும் குழந்தை மெலியும். 1939-இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலை விடுத்து இனிப்பு டின்பாலை ஊட்டுமாறு ஏழைத் தாய்மாரைத் தூண்டிய விளம்பரங்களையே அவர் கடிந்தார். தாய்ப்பாலுக்கு அடுப்பும் வேண்டா, அளவும் வேண்டா.

எனினும் விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தாய்க்கு ஆயாக்கொட்டகையே துணை. அங்கே கரைத்த பாலைப் புட்டியில் வைத்துச் செல்லுதல் தவறு. இரண்டு மணி நேரம் கடந்த பாலைக் கொட்டிவிட வேண்டும். கொதிநீரைத் தெர்மாஸ் குடுவையிலும், அளந்த மாவை உலர்ந்த சிறு டப்பாவிலும் தனித்தனியே கொடுத்து, பசித்து அழும் வேளையில் கைகழுவிக் கலக்குமாறு ஆயாவிடம் சொல்லிச் செல்க.