வேல மர ஜாதிகளைப் பிரித்தறியும் விதம்

பண்ருட்டி, நெய்வேலி வட்டாரங்களில் முந்திரித் தோப்புகளை அடுத்து வீட்டு மனைகள் பெருகி வருகின்றன. இம்மனைகளின் வேலியோரங்களில் வேல மரச் சாயலுடைய மரங்கள் பல காணப்படும். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அயல்நாட்டு ஊடுருவு தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. சீமைக்கருவேல் அவற்றுள் ஒன்று. அதனை அகற்றுங்கால் நாட்டு மரங்களையும் சேர்த்து வெட்டிவிடாதிருத்தல் அவசியம்.

முள் ஒன்றே அடையாளமாகாது. கருவேல், வெள்வேல், சீமைக்கருவேல் ஆகிய மூன்றிலும் முள் உண்டு. பூவையும் காயையும் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

கருவேல்: பட்டை கருத்து வெடித்திருக்கும். பூ மஞ்சள் நிறச் சிறு உருண்டை. காய் மணிகள் கோத்த மாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். இதன் மரம் கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உகந்தது. காய் ஆடுகளுக்குத் தீனியாகும்.

வெள்வேல்: பட்டை வெளுத்திருக்கும். வெளிர் நிறப் பூவுருண்டைகள் கிளை நுனியில் பெருங்கொத்தாகத் தோன்றும். காய் தட்டையானது.

சீமைக்கருவேல்: அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பூ உருண்டையன்று, விரல்போல் நீண்ட கதிர். காய் நீண்டு, பழுத்தபின் மஞ்சளாகி இனிக்கும். கால்நடைகள் இதைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. அடிமரத்தை மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்குமாதலால் வேரோடு அகழவேண்டும்.

கத்திச் சவுக்கு: ஆஸ்திரேலியாவில் வாட்டில் என வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. முள் கிடையாது. அரிவாள் வடிவில் வளைந்து இலைபோல் தோன்றுவது உண்மையில் தட்டையான காம்பேயாகும். இளங்கன்றின் முதல் இலைகள் மட்டும் வேலிலை போலிருக்கும். பூ மஞ்சள் கதிர். காய் காதுபோல் சுருளும். கருவிதை செம்மஞ்சள் நாரில் தொங்கும். இதைத் தைல மரமென மயங்குவோர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கலாம். தைல வாசனை இராது. நரம்புகளும் நீளவாட்டில் ஓடும்.

இம்மரத்தின் கிளைகள் பலத்த காற்றில் எளிதில் முறியும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இப்பகுதியின் பலாவையும் முந்திரியையும் அழித்ததை விவசாயிகள் அறிவர். ஆகையால் வீடு, மின்கம்பி, கிணறு ஆகியவற்றின் அருகேயுள்ள கிளைகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே கழித்துவிடுதல் நன்று.

பூவும் காயும் இல்லாத காலத்தில் ஜாதி ஐயமாயிருப்பின், அவை தோன்றும்வரை வெட்டாது பொறுத்திருத்தலே நலம்.