வெப்பத்திற்கு ஒரு வழி

திறன்பேசியில் நெடுநேரம் விளையாடினால் அதன் பின்புறம் சுடும். சற்று நேரத்தில் அதன் வேகமும் குறையும். இது பழுதன்று, தற்காப்பு. வெப்பநிலை எல்லை மீறாதிருக்க, உள்ளே இருக்கும் சில்லு தன் வேலையைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? விரல் நகமளவு உள்ள சிலிக்கான் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு சிறு சுவிட்சு. சில்லு பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. ஆற்றலை அழிக்க முடியாது என்பது அறிவியல் விதி. ஆகவே, அவ்வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

சில்லின் உறுப்புகள் நானோமீட்டரில் அளக்கப்படுகின்றன. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைப்பதே ஒரு நானோமீட்டர். சிலிக்கானில் வெப்பத்தைச் சுமந்து செல்பவை அணுக்களின் அதிர்வுகள். தடித்த சிலிக்கானில் அவை எளிதாகப் பரவுகின்றன. சில நானோமீட்டர் தடிப்புள்ள படலத்திலோ, குறுகிய சந்தில் நுழைந்த கூட்டத்தைப்போல் இருபுறமும் மோதிச் சிதறுகின்றன. அதனால், சிலிக்கான் மெலிய மெலிய அதன் வெப்பங்கடத்தும் திறனும் குறைகிறது.

இச்சிக்கலைத் தீர்க்கும் பணிக்கும் பினாங்கு மாநிலத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. அதே ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் தொடங்கியது. சில்லுகளைப் பொதிந்து சோதிப்பது இங்கு முக்கியத் தொழிலாக வளர்ந்தது. பொதிதல் என்பது வெறும் உறையிடுதல் அன்று. மின்சாரம் உள்ளே செல்லவும் வெப்பம் வெளியே வரவும் வழி அமைப்பதாகும்.

சில்லின்மீது செப்பு மூடியை வைத்தால் மட்டும் போதுமா? போதாது. வழவழப்பாகத் தோன்றும் பரப்புகளுக்கு இடையிலும் நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். அவற்றில் காற்று தங்கும். செம்பு கடத்தும் வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. எனவே, வெப்பங்கடத்தும் பொருளை இடையில் வைத்து அவ்விடைவெளிகளை நிரப்புகின்றனர். மூடி வெப்பத்தைப் பரப்புகிறது. கணினிகளில் அதன்மேல் பொருத்தப்படும் உலோகத் தகடுகள் அதைக் காற்றில் கலக்கின்றன. தே தாரேக் ஆற்றுபவர் தேநீரை நீளமாக இழுத்துக் காற்றுப்படச் செய்வதும் இதைப் போன்றதே.

இடைவெளி ஓரிடத்தில் நிரம்பாமல் விடுபட்டாலும் அங்கே வெப்பம் தேங்கும். சில்லின் ஆயுள் குறையும். எத்துணைத் திறன்மிக்க சில்லானாலும், தன் வெப்பத்தை வெளியேற்ற முடிந்த அளவுக்கே அது உழைக்கும்.