சௌனாச் சூடும் எங்கள் ஊர் வெக்கையும்

கேள்வி: எனக்கு 68 வயது. கன காலமாகப் பிறசர் இருக்கிறது. லொசாட்டானும், சலம் கூடப் போகிற குளிசை ஒன்றும் கிளினிக்கில் தருகிறார்கள். போன வருசம் ஒஸ்லோவில் மகனோடு போய் நின்றபோது, மருமகள் கிழமைக்கு இரண்டு தரம் சௌனா என்கிற சூட்டறைக் குளியலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. போய்வந்த நாட்களில் நல்ல நித்திரை, பிறசரும் குறைந்திருந்தது. இரத்தக் குழாய்களுக்கு அது நல்லது என்று வாசித்த மகன், இங்கே குளியலறையோடு ஒரு நீராவி அறை கட்டித் தரப் போகிறேன் என்கிறான். கட்டலாமா? கட்டினால் குளிசையைக் குறைக்கலாமா?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: அம்மா, குளிசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரக் குளிசையைக்கூட நீங்களாகக் குறைக்க வேண்டாம். சௌனாவில் இறங்குகிற பிறசர் சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். குளிசை இரவும் பகலும் காவல் இருக்கிறது.

மகன் வாசித்தது வெறும் கதை இல்லை. கிழக்குப் பின்லாந்தின் குவோப்பியோ பகுதியில், 42 முதல் 60 வயது வரையான 2315 ஆண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். யாரி லௌக்கனன் குழுவினர் அதன் முடிவை 2015இல் வெளியிட்டார்கள். கிழமைக்கு ஒரு தரம் சௌனா எடுத்தவர்களைவிட, நான்கு முதல் ஏழு தரம் எடுத்தவர்களிடம் திடீர் இதய மரணம் 63 வீதம் குறைவாக இருந்தது. 2018இல் வந்த, பெண்களையும் சேர்த்த இன்னோர் ஆய்வில் பாரிசவாதமும் குறைந்திருந்தது. அதே ஆண்டில் 100 பேரை 30 நிமிடம் சௌனாவில் இருத்தி, முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். பிறசர் சராசரியாக 137/82இலிருந்து 130/75க்கு இறங்கியது. நாடிகளின் விறைப்பும் தளர்ந்தது. ஒஸ்லோவில் நீங்கள் கண்ட இறக்கமும் இதுதான்.

இது எப்படி நடக்கிறது? வயது போகப் போகப் பெருநாடியின் சுவர், வெயிலில் பல காலம் கிடந்த தோட்டத்துக் குழாய்போல விறைத்துவிடும். இதயம் தள்ளுகிற ஒவ்வொரு துடிப்பின் வேகமும் வழியில் தணியாமல், மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய குழாய்களில் போய் அடிக்கும். அதனால்தான் வயதானவர்களுக்கு மேல் பிறசர் மட்டும் தனியாக ஏறுவதைக் காண்கிறோம். உடம்பில் சூடு ஏறும்போது தோலின் குழாய்கள் விரிகின்றன, இதயம் நிமிடத்துக்கு 100, 120 தரம் என்று துடிக்கிறது. விரைந்து ஓடும் இரத்தம் உட்சுவரை உரசுவதால் அங்குள்ள கலங்கள் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கின்றன. குழாயைத் தளர்த்துவது இந்த வாயுதான். அதன் வேலையைக் கண்டறிந்தவர்களுக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கை வீசி வேகமாக நடக்கும்போதும் இதே உரசல், இதே சுரப்பு.

ஆனால் பின்லாந்தின் பெரிய ஆய்வு, மக்கள் தாமாகச் செய்ததைக் கவனித்து எழுதிய ஆய்வு. கிழமையில் ஏழு நாளும் அந்தச் சூட்டில் இருக்க முடிகிறவர் முன்னமே திடமான உடம்புக்காரராக இருந்திருக்கலாம். மொன்றியலில் இதய நாடி நோய் உள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் கிழமைக்கு நான்கு தரமாக எட்டுக் கிழமை சௌனா கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி, நாடிகள் விரியும் திறன் கூடவில்லை. அதற்கு முந்திய ஆண்டு பின்லாந்திலேயே, உடற்பயிற்சி முடிந்த கையோடு 15 நிமிடம் சௌனா எடுத்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மேல் பிறசர் 8 புள்ளி கூடுதலாக இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், உடம்பை அசைத்த பிறகுதான் சூடு கைகொடுக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் அறைக்கு வருவோம். ஒஸ்லோவில் நீங்கள் இருந்த சௌனா 80 பாகை அளவில் சுட்டாலும் காற்று காய்ந்தது; வியர்வை உடனே ஆவியாகும், வெளியே வந்தால் குளிர். மகன் கட்டப்போவது நீராவி அறை. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை காயாமல் வழிந்தோடும், உடம்பு ஆறாது. கதவைத் திறந்து வந்தாலும் காத்திருப்பது சித்திரை மாதத்துப் புழுக்கம். உங்கள் குளிசைகளில் ஒன்று குழாய்களை விரிக்கிறது, மற்றது உடம்பின் நீரை வெளியேற்றுகிறது. சூடும் அதே இரண்டையும் செய்யும். இந்த வயதில் தாகமும் சரியாகத் தெரியாது. எழும்பி நிற்கும் நேரம் இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும், கீழே ஈரத் தரை. இடுப்பெலும்பு முறிந்து வாட்டில் கிடக்கும் எத்தனையோ அம்மாமார் குளியலறையில் விழுந்தவர்கள்தான். வெந்நீர்த் தொட்டிக் குளியல் வழக்கமுள்ள யப்பானில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் அந்தத் தொட்டியிலேயே உயிரிழக்கிறார்கள்.

ஆகவே அறை கட்ட வேண்டாம். அந்தக் காசில் குளியலறைச் சுவரில் கைபிடியும், வழுக்காத தரையும் போடச் சொல்லுங்கள். நல்ல பிறசர் மானி ஒன்றும் வாங்கித் தரட்டும். வெயில் ஏறுமுன் அரை மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாளாவது நடவுங்கள். உப்புக் கூடிய கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றையும் குறைத்தாலும் பிறசர் பணியும்.

மறுபடி ஒஸ்லோ போனால் தாராளமாகச் சௌனாவுக்குப் போங்கள். கீழ்ப்படியில் பத்து நிமிடம் போதும், தனியே வேண்டாம். முன்னும் பின்னும் தண்ணீர் குடித்து, இறங்குமுன் சற்று இருந்து எழும்புங்கள். சூட்டிலிருந்து வந்த கையோடு குளிர்நீரில் பாய்வது அங்குள்ள வழக்கம், உங்களுக்கு அது ஆகாது. குளிர்நீர் பிறசரைச் சடுதியாக ஏற்றிவிடும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், சும்மா இருக்கையிலேயே நெஞ்சு நோகிறவர்களும், பெருநாடி வால்வு சுருங்கியவர்களும் சௌனாப் பக்கமே போகக்கூடாது.

கேள்வி: அம்மம்மாவுக்கு 81 வயது, சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறா. தடிமன் வந்தால் நொச்சியும் வேப்பிலையும் அவித்துப் போர்வைக்குள் வேது பிடிப்பா. மறிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், நெல்லியடி

பதில்: மறிக்க வேண்டாம், கூட இருங்கள். கைதடியில் யாழ் பல்கலைக்கழகம் கற்பிக்கும் சித்த மருத்துவத்தில், 32 புறமருத்துவ முறைகளில் ஒன்று வேது. முகத்துக்கு மட்டும் சில நிமிடம் பிடித்தால் மூக்கடைப்புக்குச் சுகம் தரும். இரத்தக் குழாய்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எனக்குப் பயம் பானையில்தான். சலரோகத்தில் காலின் உணர்வு மரத்திருக்கும், கொதிநீர் பட்டுப் பொக்குளித்த பிறகே தெரியும். பானை மடியருகே இல்லாமல் அசையாத மேசையில் இருக்கட்டும். இன்சுலின் ஏற்றிய உடனே வேண்டாம். சூட்டில் அது வேகமாக உறிஞ்சப்பட்டுச் சீனி சடுதியாக இறங்கும்.

கேள்வி: நான் தோட்டம் செய்கிறேன், வயது 63. பங்குனி, சித்திரை வெயிலில் மண்வெட்டியோடு நின்று சட்டை நனைய வியர்க்கிறேன். இதுவும் சௌனா மாதிரித்தானே, நாடிகளுக்கு நல்லதுதானே?
– ஒரு வாசகர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: உங்கள் உழைப்பு நாடிகளுக்கு நல்லது. உச்சி வெயில் நல்லதில்லை. சௌனாவில் இருப்பவர் கால்மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வெளியே வருகிறார். மண் கொத்துகிறவரின் இதயம், வேலை செய்யும் தசைக்கும் வெப்பம் தணிக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் கொடுக்க வேண்டும், அதுவும் மணிக்கணக்காக. வெயிலில் பழகிய உடம்பு முந்தி வியர்க்கும், இரத்தத்தின் நீரளவும் கூடும் என்பது உண்மை. அந்தப் பழக்கமும் தண்ணீர் இல்லாமல் நிற்காது. பத்து மணிக்குள் முன்வேலையை முடியுங்கள், மற்றதை நாலு மணிக்குப் பிறகு பாருங்கள். தாகம் வருமுன்னே குடியுங்கள். தண்ணீர், மோர், இளநீர் எதுவும் நல்லது, கள்ளு வேண்டாம். அற்றனலோல் போன்ற குளிசை பாவிப்பவரானால் இதயம் தேவைக்கு வேகம் எடுக்காது, கூடுதல் கவனம் வேண்டும்.

தலையிடியும் குமட்டலும் வந்தால் நிழலுக்குப் போங்கள். ஒருவர் வெயிலில் நின்று பேச்சுத் தடுமாறினால், உடம்பு கொதித்தால் அல்லது விழுந்தால், அது வெப்ப அதிர்ச்சி. உடுப்பைத் தளர்த்தி, கிணற்றுத் தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 1990க்கு அடியுங்கள். அந்த நோயாளர் காவு வண்டி வடமாகாணத்திலும் ஓடுகிறது, காசு வாங்குவதில்லை.