எந்தக் கேள்விக்கு எந்த நூலகம்?

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. பழைய நாடக விளம்பரங்களைப் பற்றிய கல்லூரிக் கட்டுரைக்கு உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒன்றும் அகப்படவில்லை, செய்தித்தாளும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும்தான் இருக்கின்றன என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். அங்கே அவைதான் முன்னால் இருக்கும். தினம் வருகிறவர்கள் கேட்பதும் அவற்றைத்தான். ஆனால் அந்தச் சின்னக் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு 'நூலகம் இவ்வளவுதான்' என்று முடிவுகட்டாதே.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில், 1948-இல். அதற்காகப் பல ஆண்டுகள் விடாமல் முயன்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அந்தச் சட்டத்தின்படிதான் உங்கள் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம் எல்லாம் அதைக்கொண்டு நடப்பவை. ஆகவே அங்கே நீ தயங்கி நிற்க வேண்டியதில்லை. உங்கள் அப்பா ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்!

இந்த வரிசையின் தலையில் இருப்பது சென்னை எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிப் பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. கடைகளில் பல ஆண்டுகளாகக் கிடைக்காத நூலென்றால் முதலில் அங்கே தேடு. அத்தகைய நூல்களை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வீட்டுக்குத் தரமாட்டார்கள். குறிப்பேடு கொண்டுபோ.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் வந்தது. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பிரிவு, குழந்தைகளுக்குத் தனித் தளம், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்க ஓர் இடம் என்று விரிந்த கட்டடம். அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இப்போது அங்கேதான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கர்னல் மெக்கன்சி திரட்டிய ஊர் வரலாறுகள் அதில் இருக்கின்றன. மதுரைக்காரர்களுக்கு 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஓலைச்சுவடி என்றால் உனக்குச் சென்னைவரை போகும் வேலையும் இல்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் பேருந்தில் எட்டும் தூரம். இரண்டாம் சரபோஜி மன்னர் போற்றி வளர்த்த அந்தத் தொகுப்பில் தமிழோடு வடமொழியும் மராத்தியும் தெலுங்கும் கலந்திருக்கும்.

சரி, உன் நாடக விளம்பரங்களுக்கு வருகிறேன். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சினிமா துண்டுப் பிரசுரம் போன்றவற்றைப் பெரும்பாலான நூலகங்கள் குப்பையாகத்தான் நினைத்தன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா அவற்றையும் சேர்த்துவைத்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது; 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இது அரசு நூலகம் அன்று. ஆனாலும் உன் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. கிளம்புமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து பார். அச்சில் இல்லாத நூல்களும் பழைய இதழ்களும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கும்.

படிக்கிறவர் வரட்டும் என்று நூலகம் காத்திருக்கக் கூடாது என்பதும் நம் பக்கத்தில் பழைய எண்ணம். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன் நூலக அறிவியலுக்கான தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான். இன்று 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள், நூலகத்துக்கு வர முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உன் பாட்டிக்கு முழங்கால் வலி, அவருக்காகவும் விசாரி.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய். அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நூலகரிடம் நேராகப் போய் உனக்கு என்ன வேண்டும் என்று விளக்கமாகச் சொல். 'நாடகம்' என்று பொதுவாகக் கேட்டால் ஏதாவது ஒரு நாடக நூலை நீட்டுவார். எந்தக் காலம், எந்தக் குழு என்று கேட்டால் எங்கே தேடுவது என்று அவரும் யோசிப்பார். உறுப்பினர் அட்டை இல்லையென்றால் உடனே எடுத்துவிடு. கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்குப் போய் நிற்காதே.

அன்புடன்,
உன் மாமா