'குறித்தல்': ஒரு சொல்லும் அதன் பயன்பாடும்

கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் 'குறிக்கும்' என்பது. "இந்தச் சிப்பி கிணற்றைக் குறிக்கும்" என்கிறோம். மணலில் ஊரின் வரைபடம் கீறும்போது இச்சொல் இல்லாமல் வேலை நடவாது.

இந்த வினைக்குப் பொருள் பல. கொப்பியில் எழுதி வைப்பதும் குறித்தல். கலியாணத்துக்கு நாள் தீர்மானிப்பதும் குறித்தல். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை நிறுத்தி, இதைக் கண்டு அதை அறியச் செய்வதே இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். சொற்கள் யாவும் பொருளை உணர்த்துவன என்று கூறவரும் தொல்காப்பியரும் சொல்லதிகாரத்தில் இவ்வினையையே ஆள்கிறார்.

'காட்டும்' வேறு, 'குறிக்கும்' வேறு. புகை நெருப்பைக் காட்டும். அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. சிப்பி கிணற்றைக் குறிப்பதோ நாம் கூடிச் செய்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அறியாதவருக்கு அது வெறும் சிப்பிதான்.

கடலுக்குப் போவோருக்கு இது புதிதல்ல. கடலிலிருந்து துறைமுகத்துள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கமும் பச்சை மிதவை வலப்பக்கமும் இருக்க வேண்டும் என்பது எமது நாட்டு முறை. அமெரிக்காவிலும் யப்பானிலும் இது நேர்மாறு. 1980இல் நாடுகள் கூடிப் பேசி, உலகத்தை இந்த இரு முறைகளுக்கும் இரு வலயங்களாகப் பிரித்துக்கொண்டன. சிவப்பு நிறத்துக்குள் இடமுமில்லை, வலமுமில்லை.

ஊர் வரைபடத்துக்கு வருவோம். மன்னார்த் தீவில் நன்னீர் மணலுக்கடியில் மெல்லிய படையாகவே நிற்கிறது. மழையில்லா மாதங்களில் சில கிணறுகள் உவர்த்துப்போகும். எல்லாக் கிணற்றுக்கும் ஒரே மாதிரிச் சிப்பி வைத்தால், ஊரில் தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்று படம் சொல்லிவிடும். குடம் சுமக்கும் பெண்களிடம் விட்டுப் பாருங்கள். உவர்க் கிணற்றுக்கு ஒரு கரித்துண்டை வைப்பார்கள். ஆகவே எதை எதனால் குறிப்பது என்று பெண்களும் இருந்து தீர்மானித்த பின்னரே கீறத் தொடங்குங்கள். படத்தைக் கடதாசிக்கு மாற்றும்போது குறியீடுகளின் விளக்கத்தை ஓரத்தில் கட்டாயம் எழுதுங்கள். மணற்படத்தைப் பின்னேரக் காற்று அழித்துவிடும். கச்சேரிக்குப் போவது கடதாசிதான்.

உயிரோடு சம்பந்தப்பட்ட இன்னொன்றும் உண்டு. மாந்தை மேற்கு முதலான பெருநிலப் பகுதிகளில் போர்க்காலத்தில் புதைக்கப்பட்ட மிதிவெடிகளை அகற்றும் வேலை 2009இன் பின்னர் பெருமளவில் நடந்தது. இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. சிவப்புப் பலகையில் மண்டையோடு மிதிவெடி அபாயத்தைக் குறிக்கும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆனால் பலகை இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று பெரியவர்களே எண்ணிவிடுகிறார்கள். பலகை அபாயத்தைக் குறிக்கும். பலகை இல்லாமை எதையும் குறிக்காது. கறையான் அரித்திருக்கலாம், மாடு தள்ளியிருக்கலாம், விறகுக்கு யாரும் பிடுங்கியிருக்கலாம். விழுந்து கிடக்கும் பலகையைக் கண்டால் அதை நிமிர்த்தப் போகாமல், நடந்து வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அன்றைக்கே அறிவியுங்கள்.